பெயரேடு எவர் கையில்?

(ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடியும் தோரணமும், ஊர்வலமும் ஒலிபெருக்கியுமே. மேடையில் முழங்கியவர் வென்றார் என்றும், கூட்டம் திரட்டியவர் கோட்டையைப் பிடித்தார் என்றும் பேசிப் பழகிவிட்டோம். இன்று நான் மேடையைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு மேசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த மேசைமீது விரிந்து கிடக்கும் வாக்காளர் பெயரேட்டைப் பற்றியும், அதன் பின்னே பேனா பிடித்து அமர்ந்திருக்கும் கையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

அந்த மேசை இருந்த இடம் அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், லவுண்ட்ஸ் கவுண்டி. கவுண்டி என்பது நமது வட்டம், மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. செல்மா நகருக்கும் மாண்ட்கமரி நகருக்கும் இடையே கிடக்கும் நாட்டுப்புறம் அது. பருத்தி விளைந்த பூமி. 1960ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோர் 15,417 பேர். ஐவரில் நால்வர் கருப்பின மக்கள். அடிமை விலங்கு அறுந்து நூறாண்டு ஆகியும், நிலம் பெரும்பாலும் ஒருசில வெள்ளையர் குடும்பங்களிடமே இருந்தது. உழுதவர் கருப்பர், உரியவர் வெள்ளையர்.

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கவுண்டியின் வாக்காளர் ஏட்டைப் புரட்டியவர் என்ன கண்டிருப்பார்? வாக்களிக்கும் வயதுடைய கருப்பின மக்கள் ஐயாயிரத்துக்கும் மேல். ஏட்டில் ஏறிய அவர்தம் பெயர் ஒன்றுகூட இல்லை! வயது வந்த வெள்ளையர் சுமார் 1,900 பேர். ஏட்டிலிருந்த வெள்ளையர் பெயர்களோ 2,200க்கும் மேல்! ஊரில் இருப்பவருக்கு இடமில்லை, இல்லாதவருக்கு இடமுண்டு. விந்தையான கணக்கு! ஆனால் அந்தக் கணக்கின்மீதுதான் ஓர் ஆட்சியே நின்றது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆம் திருத்தம் 1870ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் அச்சட்டம் ஏட்டில் இருந்தது. மக்கள்தான் ஏட்டில் இல்லை. காரணம், அந்த மேசை! பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகளில் மட்டும் திறக்கும். படிப்பறிவுத் தேர்வு எழுத வேண்டும். முன்பே வாக்காளராக உள்ள ஒருவர் வந்து சாட்சி கூற வேண்டும். ஏட்டில் உள்ளோர் அனைவரும் வெள்ளையர் என்னும்போது, ஏழைக் கருப்பருக்குச் சாட்சி கூற எவர் வருவார்? தேர்வு வைப்பவரும் அவரே, திருத்துபவரும் அவரே, தீர்ப்பளிப்பவரும் அவரே. தடி எடுக்க வேண்டிய வேலையைப் பேனாவே முடித்துவிட்டது. பேனா போதாதபோது துப்பாக்கி வந்தது என்பதையும் மறவாதீர்கள்.

1965 மார்ச்சில், பல பத்தாண்டுகளுக்குப் பின், அந்த ஏட்டில் இரண்டு கருப்பினப் பெயர்கள் ஏறின. ஒருவர் ஜான் ஹூலெட். மற்றவர் கண்பார்வையற்ற ஒரு சமய போதகர். அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. படிப்பறிவுத் தேர்வு தள்ளுபடியானது. சில நாட்களுக்குள் மத்திய அரசின் அலுவலர்கள் லவுண்ட்சுக்கே வந்து மேசை போட்டார்கள். மக்கள் அதே மக்கள்தாம், மேசைதான் மாறிற்று. பல பத்தாண்டுகளாக நுழையாத பெயர்கள் வரிசை வரிசையாக ஏறத் தொடங்கின.

சும்மா விட்டார்களா பண்ணையார்கள்? பெயர் பதிந்த குடும்பங்களை நிலத்தைவிட்டு, குடிசையைவிட்டு வெளியேற்றினார்கள். 1965 டிசம்பர்க் குளிரில், 80ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்தனர் அம்மக்கள். சில குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கேயே வாழ்ந்தன. ஒரு கையெழுத்துக்கு விலை ஒரு வீடு! அந்த விலையைக் கொடுத்தார்கள். பெயரை மட்டும் திரும்பப் பெறவில்லை.

தோழர்களே, இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கூர்ந்து கேளுங்கள். நம் நாட்டில் தேர்தலை நடத்த அரசியல் சட்டத்தின் 324ஆம் பிரிவின்படி தேர்தல் ஆணையம் உண்டு. அலபாமாவின் கவுண்டிகளில் அத்தகைய ஏற்பாடு இல்லை. வாக்குச்சாவடி அலுவலர்களை நியமிக்கும் குழுவில் கவுண்டி நீதிபதி, நீதிமன்ற எழுத்தர், ஷெரீப் என மூவர். ஷெரீப் என்பவர் அங்கே காவல்துறைத் தலைவர். இந்த மூவருமே கட்சிச் சீட்டில் தேர்தலில் நின்று வென்றவர்கள்! ஆடுபவரே நடுவரையும் நியமிக்கிறார் என்றால், ஆட்டம் எப்படியிருக்கும்?

ஆகவே லவுண்ட்ஸ் மக்கள் ஓட்டோடு நிற்கவில்லை. அந்தப் பதவிகளையே குறிவைத்தார்கள். வழி எளிதன்று. ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் ஷெரீப் பதவிக்கு நிற்கக் கட்டணம் 50 டாலராக இருந்தது. அதை 500 டாலராக உயர்த்திவிட்டார்கள். மேலும், அலபாமாவில் அக்கட்சியின் சின்னமோ வெள்ளைச் சேவல். அதனோடு வெள்ளையர் மேலாதிக்கம் என்ற சொல்லும் 1966 தொடக்கம்வரை பொறிக்கப்பட்டிருந்தது. அந்தச் சின்னத்தின்கீழ் எப்படி நிற்பது?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கவுண்டி அளவில் தனிக்கட்சி அமைக்கலாம், வேட்பாளரை மக்கள் கூடித் தேர்ந்தெடுக்கலாம், தேர்தலில் 20 விழுக்காடு வாக்குப் பெற்றால் அங்கீகாரம் உண்டு என்று கண்டார்கள். எழுந்தது லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு. எழுத்தறியாதோரும் அறிய ஒரு சின்னம் வேண்டுமே! பாயும் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தார்கள். பின்னாளில் உலகமறிந்த அச்சின்னம் இந்த நாட்டுப்புறத்தில்தான் முதலில் வாக்குச் சீட்டில் ஏறியது. சின்னம் பார்த்து வாக்களிக்கும் முறையை 1951–52 பொதுத்தேர்தல் முதற்கொண்டு கண்டுவரும் நமக்கு அதன் அருமையைச் சொல்லவா வேண்டும்?

அங்கே மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் செய்த பணி நமக்குப் பாடம். வெறும் முழக்கத்தை அவர்கள் கொண்டு செல்லவில்லை. ஷெரீப்பின் வேலை என்ன? வரி விதிப்பவர் எதைச் செய்கிறார்? பள்ளிக் குழுவுக்கு என்ன அதிகாரம்? இவற்றைப் படக்கதையாக அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டு சென்றார்கள். 1966 மே 3ஆம் நாள் ஒரு தேவாலயத்தில் ஏறத்தாழ 900 பேர் கூடி, தம் வேட்பாளர் எழுவரைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பர் 8 வந்தது. பண்ணையார்கள் தம் ஆட்களை வண்டியேற்றிக் கொண்டுவந்து, எவருக்கு வாக்களிப்பதென்றும் சொல்லி அனுப்பினார்கள். போர்ட் டெபாசிட் என்ற ஊரில் அமைப்பின் தொண்டர் ஒருவர் அடித்து வீழ்த்தப்பட்டார். எழுவரும் தோற்றனர்.

தோல்விதானா அது? அவர்கள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள், அங்கீகாரம் பெற்றுவிட்டார்கள். நான்காண்டு பொறுத்தார்கள், பெயர்களைச் சேர்த்தார்கள், அச்சத்தைக் களைந்தார்கள். 1970இல் லவுண்ட்சின் ஷெரீப்பாக வென்றவர் எவர்? 1965 மார்ச்சில் ஏட்டில் ஏறிய அதே ஜான் ஹூலெட்! ஐந்தாண்டுக்கு முன் மேசைக்கு எதிரே நின்றவர், மேசைக்குப் பின்னே அமர்ந்தார்.

வென்றது நிலைத்துவிடும் என்று உறங்கவும் முடியாது. அதே அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், 2013 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய எலும்பை முறித்தது. அதுவரை, வாக்குரிமையை மறுத்த வரலாறுடைய மாநிலங்கள் தேர்தல் விதி எதையும் மாற்றுமுன் மத்திய அரசின் இசைவைப் பெறவேண்டும். தீர்ப்புக்குப் பின் அந்தக் காவல் செயலிழந்தது. 2014இல் வாக்களிக்கப் புகைப்பட அடையாளச் சீட்டு வேண்டும் என்ற விதியை அலபாமா நடைமுறைப்படுத்தியது. 2015இல், அந்தச் சீட்டாகப் பயன்படும் ஓட்டுநர் உரிமத்தை வழங்கும் அலுவலகங்களில் 31ஐ மூடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகே மாதத்தில் ஒரு நாளாவது திறக்க இசைந்தது. மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை திறந்த அந்தப் பழைய கதவு நினைவுக்கு வருகிறதன்றோ?

தொலைநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் முதல் பொதுத்தேர்தலிலும், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றன்றித் தம் பெயரைச் சொல்லாத காரணத்தால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர் ஏட்டிலிருந்து விடுபட்டது. பகை இல்லாமலே இத்தனை பெயர் போகும் என்றால், பகை புகுந்தால் என்ன ஆகும்?

எனவே உங்களிடம் நான் கேட்பது கைதட்டல் அன்று. ஊருக்குத் திரும்பியதும் பட்டியலை வாங்குங்கள். தெருத் தெருவாக வாசியுங்கள். கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர், புதிதாக வயது வந்தவர், மணமாகி வந்த பெண், எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர் நமக்கு வாக்களித்தவராயினும்! நேர்மையான ஏடு நமக்கு மட்டும் சொந்தமன்று. நம்மை எதிர்ப்பவருக்கும் அது சொந்தம்.

மேடை ஒரு மாலைப் பொழுதுக்கு. மேசை ஐந்தாண்டுக்கு. லவுண்ட்ஸ் மக்கள் வீட்டை இழந்து கற்ற பாடம் இது. வீட்டில் இருந்தபடியே நாம் கற்றுக்கொள்வோம்.