சீனி வியாதிக்காரர் ஜாம் சாப்பிடலாமா?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



மலையிலிருந்து களைத்து இறங்கி வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு விசயத்தைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். சீனி வியாதி உள்ளவர்கள் பாணுக்கு ஜாம் பூசலாமா, ரொட்டிக்குக் கித்துள் பாணி தொட்டுக்கொள்ளலாமா? கிளினிக்குக்குப் போய்வந்த பலபேர் எங்களிடம் கேட்கிற கேள்வி இது.

லயங்களுக்குப் போகும்போது இரண்டு விதமான வீடுகளைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் ஜாம் போத்தலை ஒளித்து வைத்துவிட்டு, "உங்களுக்கு ஆகாது பாட்டி" என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லோரும் மலைக்குப் போனபின் பாட்டி அதைத் தேடி எடுத்து நாலு கரண்டி வழித்துச் சாப்பிட்டுவிடுகிறார். இன்னொரு வீட்டில், "மாத்திரைதான் போடுறோமே, என்ன வந்துரப் போகுது" என்று கணக்கே இல்லை. இரண்டும் பிழை. ஒளித்துச் சாப்பிடுகிறவருக்கு அளவு தெரியாது, டாக்டரிடம் சொல்லவும் வாய் வராது. சீனி ஏன் ஏறியது என்று தெரியாமல் டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிடுவார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 5 கிராம். கடையில் வாங்கும் ஜாமில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு தேக்கரண்டி ஜாம் சாப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி சீனி சாப்பிட்ட மாதிரி. சாப்பாட்டுக் கரண்டியால் அள்ளினால் இரண்டரை தேக்கரண்டி சீனி. பாணில் ஊற்றும் ரின்பாலிலும் பாதிக்குமேல் சீனி உண்டு.

இனிப்பை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தப் பாணையும் பாருங்கள். கால் றாத்தல் பாணில் உள்ள மாச்சத்து ஏறக்குறைய 55 கிராம். அது வயிற்றுக்குள் போய் 11 தேக்கரண்டி சீனிக்குச் சமமாகிறது. கோதுமை மா ரொட்டியும் அப்படித்தான். "நான் ஜாம் தொடுறதே இல்ல" என்று சொல்லிக்கொண்டு அரை றாத்தல் பாணைச் சம்பலோடு சாப்பிட்டாலும் சீனி ஏறத்தான் செய்யும்.

அடுத்தது தேத்தண்ணி. நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 10 தேக்கரண்டி, அதாவது 50 கிராம் சீனி. சீனி வியாதி இல்லாதவர்களுக்கே இது நாள் முழுவதற்குமான உச்ச அளவு. உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்ன அளவு அது. அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது.

கருப்பட்டி, கித்துள், தேன்

"சீனிதான் கூடாது, கருப்பட்டி நல்லது" என்று பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியிலும், கித்துள் பாணியிலும், தேனிலும் இருப்பது பெரும்பாலும் சீனிச் சத்துதான். அவையும் இரத்தத்தில் சீனியை ஏற்றும். அவற்றையும் ஜாம் மாதிரியே தேக்கரண்டியால் அளக்க வேண்டும். "சீனி சேர்க்காதது" என்று எழுதிய ஜாமிலும் பழத்தின் சீனி இருக்கும். சிலவற்றைக் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றாலும் போகும்.

அப்படியானால் எப்படிச் சாப்பிடுவது?

சீனி கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் ஆசைக்கு ஒரு தேக்கரண்டி ஜாம் எடுக்கலாம். அதற்குப் பதிலாக அன்றைய தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனியைக் குறையுங்கள். இதுதான் நாங்கள் சொல்லும் எளிய கணக்கு.

போத்தலுக்குள் கரண்டியை விட்டு வழிக்காதீர்கள். தட்டில் அளந்து வைத்துவிட்டு மூடியை மூடிவிடுங்கள். வெறும் வயிற்றில் சாப்பிடாமல் முட்டை, பருப்பு, கடலை, வல்லாரைச் சம்பல் இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் சீனி மெதுவாக ஏறும். பாண் இரண்டு துண்டோடு நிற்கட்டும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பதும் உதவும்.

பூசுவதற்கு வேறு பண்டமும் உண்டு. வறுத்த கச்சானை அம்மியில் வைத்து, சீனி போடாமல் மைபோல அரைத்து எடுங்கள். அவகாடோப் பழத்தைச் சீனியும் ரின்பாலும் இல்லாமல், உப்பும் தேசிப்புளியும் விட்டு மசித்துப் பாருங்கள். இரண்டிலும் சீனி மிகக் குறைவு. ஆனால் கொழுப்பு உண்டு, அதனால் இவற்றுக்கும் அளவு வேண்டும்.

மலையில் சீனி இறங்கினால்

இன்சுலின் போடுபவர்களும், சீனியை இறக்கும் சிலவகை மாத்திரை போடுபவர்களும் சாப்பிடாமல் மலையேறினால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தலை சுற்றும். அந்த நேரத்தில் இனிப்புத்தான் மருந்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடிக்கலாம். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஒரு சிறு பொட்டலம் சீனியைப் படங்குச் சீலை மடிப்பில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவருக்கும் உங்கள் வியாதியைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள்

"கிளினிக்குக்குப் போனா அன்னைக்குப் பேர் போயிருமே" என்கிறீர்கள். அந்தக் கஷ்டம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் சீனி கூடிக்கொண்டே போனால் கண்ணும் சிறுநீரகமும் கெடும், கால் மரத்துப் போகும். அட்டை கடித்த புண்ணும் கவ்வாத்துக் குச்சி குத்திய காயமும் தெரியாமலே பழுத்து, காலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்புறம் ஒரு நாள் பேரோடு போகாது, வாழ்நாள் பேரே போய்விடும். கிளினிக் திகதியை முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள், வேலை நேரம் பற்றித் தோட்ட நிர்வாகத்தோடு நாங்கள் பேசுகிறோம்.

டாக்டரிடம், "நான் தினம் ஒரு கரண்டி ஜாம் சாப்பிடுறேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டே சாப்பாட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாட்டியின் போத்தலை இனி ஒளிக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டியை அளந்து அன்போடு நீங்களே கொடுங்கள்.