பெண்சாயல் கொண்ட பிள்ளையும் பெற்றோரின் பொறுப்பும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன். புகழனைத்தும் அவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் மிம்பர்களில் அதிகம் பேசப்படாத ஒன்று. பேசப்பட்டாலும் ஏச்சாகவே பேசப்படுகின்றது. ஆகவே குடும்பத்தோடு அமர்ந்து இதனைச் செவிமடுப்பவர்கள் வானொலியை நிறுத்திவிடாமல் இறுதிவரை கேட்குமாறு வேண்டிக்கொள்கின்றேன்.

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் என்னோடு தொலைபேசியில் கதைத்தார். உயர்தரம் படிக்கும் மகன். ஐந்து நேரமும் தொழுபவன். ஆனால் அவன் நடையில், பேச்சில், கையசைவில் பெண்சாயல் இருக்கின்றது. சிறுவயதில் தாத்தாமாரோடு விளையாடியதனால் வந்த பழக்கம் என்று நினைத்திருந்தார்களாம். பதினேழு வயதாகியும் அது போகவில்லை. வாப்பா அடித்துப் பார்த்தார். மாமா ஒருவர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தாய் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டது இதுதான்: "மௌலவி, ஆம்பிளைக்குரிய ஊசி ஒண்டு போட்டா சரி வருமாம் எண்டு சொல்றாங்க. மார்க்கத்துல கூடுமா?"

மகன் என்ன சொல்கிறான் என்று நான் கேட்டேன். "எனக்கு ஊசியும் வேணாம், மாத்திரையும் வேணாம், என்ன இப்படியே உடுங்க உம்மா எண்டு அழுறான்" என்றார்.

நேயர்களே, அந்தப் பிள்ளையின் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். தன் உடலை மாற்றித் தரும்படி அவன் எவரிடமும் கேட்கவில்லை. அல்லாஹ் தந்த மேனியோடும் தந்த சுபாவத்தோடும் வாழவிடுங்கள் என்றுதான் கேட்கின்றான். மாற்றத் துடிப்பவர்கள் நாம்தாம்.

மருத்துவத்தின் செய்தியை முதலில் சொல்லிவிடுகின்றேன். இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலானோரின் உடலில் ஆண் ஹோர்மோன் குறைவாக இருப்பதில்லை. தேவையின்றி அதனை ஏற்றினால் தாடி அடர்ந்து வளரும், முகத்தில் பரு வரும், இரத்தம் தடிக்கும். சுபாவம் மாறாது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியல், பிறந்த பாலுக்கும் உள்ளத்துக்கும் இடையிலான பொருந்தாமையை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. ஒருவரின் நடையுடை பாவனை வேறுபட்டிருப்பது மாத்திரம் எந்த நோய்க்கும் சான்றாகாது என்றும் அது கூறுகின்றது. வாலிபர்களுக்கும் ஒரு சொல்: வைத்தியரைக் காணாமல் கருத்தடை மாத்திரைகளை வாங்கி விழுங்கி உடலை மாற்ற முயல்வோர் இருக்கின்றார்கள். காலின் நாளத்தில் இரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. வைத்திய நிபுணரின் கண்காணிப்பில் சிகிச்சை பெறுவோரைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு தனியான நீண்ட பேச்சு. இன்று அதற்குள் நான் செல்லவில்லை. ஒன்றையும் உட்கொள்ளாமல், ஒன்றையும் வெட்டாமல், பிறந்தபடியே பெண்சாயலோடு வாழ்பவரைப் பற்றியே இன்றைய பேச்சு.

இப்படிப்பட்டவர் மதீனாவில் இருந்தார்களா? இருந்தார்கள். அரபியில் அவர்களை "முகன்னஸ்" என்பர். மத்ரஸாவில் ஹதீஸ் பாடம் ஓதிய காலத்தில் இச்சொல்லைக் கடந்து வந்திருக்கின்றோம். ஆனால் நம் தெருவிலுள்ள ஒரு பிள்ளையோடு அதனைப் பொருத்திப் பார்க்க எவரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. ஸூரா அந்நூரின் 31 ஆவது வசனம், பெண்கள் எவரெவர் முன் தம் அலங்காரத்தை மறைக்க வேண்டியதில்லை என்று வரிசைப்படுத்துகின்றது. தந்தை, சகோதரன் என்று தொடரும் அவ்வரிசையில், பெண்கள் மீது நாட்டமற்ற ஆண் பணியாளரும் இடம்பெறுகின்றனர். அந்த வகையினராகக் கருதப்பட்ட ஒருவர் நபியவர்களின் மனைவியர் இல்லங்களுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார். அவரது பெயரை ஹீத் என்பர். ஆம், நம் அன்னையரின் வீட்டுக்குள்!

தாயிஃப் முற்றுகையின் வேளையில், உம்மு ஸலமா (ரழி) அவர்களின் வீட்டில் வைத்து, தாயிஃபின் ஒரு பெண்ணுடைய உடலழகை அவர் இன்னோர் ஆணுக்கு வர்ணித்தார். அதைச் செவியுற்ற பின்னரே, இனி இவர் உங்களிடம் வரவேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள சம்பவம் இது. எதற்காகத் தடுக்கப்பட்டார் என்பதைக் கவனிக்கத் தவறாதீர்கள். நடைக்காகவா, குரலுக்காகவா? அவை முதல் நாளிலிருந்தே எல்லோரும் அறிந்தவை. பெண்ணொருவரின் உடலழகை ஆணுக்கு வர்ணித்ததே காரணம். ஸுனன் அபூதாவூதில் மேலும் ஒரு செய்தி உண்டு. ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட அவர் பசியால் இறந்துவிடுவார் என்று முறையிடப்பட்டபோது, வாரத்தில் இரண்டு தடவை மதீனாவுக்குள் வந்து உணவு கேட்டுச் செல்ல அனுமதி வழங்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவருக்கும் உணவுக்கு வழி விடப்பட்டது. நாமோ பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஒரு பையோடு வீதிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வேளை எங்கே உண்டான் என்று கேட்பதில்லை.

அதே நூலில் அபூஹுரைரா (ரழி) வாயிலாக இன்னோர் அறிவிப்பு உண்டு. கைகால்களில் மருதோன்றி இட்ட ஒருவர் கொண்டுவரப்பட்டார். பெண்களைப் போல நடப்பவர் என்று கூறப்பட்டது. அந்நகீஃ என்ற இடத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். (மதீனாவின் மையவாடியான பகீஃ அல்ல இது. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.) இவரைக் கொன்றுவிடலாமா என்று சிலர் கேட்டபோது, தொழுபவர்களைக் கொல்வதற்கு நான் தடுக்கப்பட்டுள்ளேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். இதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி முஹத்திஸ்களிடையே பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகின்றேன். ஆயினும் மருதோன்றி இட்ட அந்தக் கைகள் தொழுகையாளியின் கைகளாகவே அங்கு மதிக்கப்பட்டன.

"பெண்களைப் போல் ஒப்பனை செய்யும் ஆண்களுக்குச் சாபம் வந்துள்ளதே, மௌலவி அதனை மறைக்கின்றாரா?" என்று கேட்பீர்கள். மறைக்கவில்லை. இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹானது. ஆண்களைப் போல் ஆகும் பெண்களையும் அது சேர்த்தே கூறுகின்றது. அது யாரைக் குறிக்கின்றது என்பதை நம் ஷாபிஈ மத்ஹபின் தூணாகிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் உலமாக்களின் கூற்றாகப் பிரித்துக் காட்டுகின்றார்கள். படைப்பிலேயே அவ்வாறு அமைந்து, தானாக எதனையும் வலிந்து செய்யாதவர் மீது பழியுமில்லை, பாவமுமில்லை, தண்டனையுமில்லை. வேண்டுமென்றே அதனை மேற்கொள்பவரையே சாபம் சாரும். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கின்றார்கள்: இயல்பிலேயே அப்படியானவரும் படிப்படியாக விட்டுவிட முயலவேண்டும், முயன்றும் இயலாதபோதே பழி நீங்கும் என்பார்கள்.

இந்த நிபந்தனையைச் சிலர் பிரம்பாக்கிக்கொள்கின்றார்கள். நான் அவர்களைக் கேட்கின்றேன்: அந்தப் பிள்ளை முயலவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பாடசாலையில் குரலைத் தடிப்பாக்கிப் பேசிப் பழகியவன் அவன். கண்ணாடி முன் நின்று நடந்து பழகியவன். பஸ்ஸில் கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்பவன். தஹஜ்ஜுதில் அழுதவன். பத்து வயதிலிருந்து அவன் செய்த முயற்சியில் நூற்றில் ஒரு பங்கினை நம்முடைய கோபத்தை அடக்க நாம் செய்திருப்போமா?

இன்னொரு குழப்பத்தையும் நீக்கவேண்டும். "குன்ஸா" என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுவது வேறு. உடலுறுப்பிலேயே ஆண், பெண் என்ற தெளிவின்றிப் பிறந்தவர் அவர். அவரது வாரிசுப் பங்கு, அவர் தொழும் இடம், அவரது ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முறை அனைத்தையும் நம் இமாம்கள் எழுதி வைத்துள்ளனர். ஆண்கள், சிறுவர்களுக்குப் பின்னும் பெண்களுக்கு முன்னும் அவருக்கென ஒரு வரிசை உண்டு. நான் பேசும் பிள்ளையோ ஆண்களின் வரிசையிலேயே நிற்பவன். அவனுக்குத் தனி இடம் தேடத் தேவையில்லை, இருக்கும் இடத்தை நாம் பறிக்காதிருந்தால் போதும்.

வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போகின்றார்கள்? கொழும்பிலே "நாச்சி" என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஒரு சமூகம் நெடுங்காலமாக உண்டு. கௌசல்யா ஆரியரத்ன போன்ற ஆய்வாளர்கள் அவர்களைப் பற்றி எழுதியுள்ளனர். பிறப்பால் ஆண், சுபாவத்தால் பெண். ஹோர்மோனோ சத்திரசிகிச்சையோ வேண்டாம் என்றே அவர்களில் பலர் வாழ்கின்றனர். அச்சொல்லைக் கேட்கும்போது எனக்கு நம் மூத்தம்மாமாரின் பெயர்களில் ஒட்டியிருந்த "நாச்சியா" நினைவுக்கு வரும். சட்டத்தில் இவர்கள் நடுவில் நிற்கின்றார்கள். 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தால், உளமருத்துவ நிபுணரின் சான்றிதழோடு பிறப்புப் பதிவில் பாலினைத் திருத்தும் வழி திறந்தது. அவ்வழி சிகிச்சைக்குச் செல்வோரை மனதிற்கொண்டே அமைக்கப்பட்டது. சிகிச்சை வேண்டாதவரின் அடையாள அட்டையும் தோற்றமும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டேயிருக்கும். தொழில் தருபவர் தயங்குவார். இரவில் வீதியில் நின்றால் 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் காத்திருக்கும். தொழிலில்லாதவரை எந்தத் தொழில் தேடி வரும் என்று நான் வானொலியில் விளக்கத் தேவையில்லை. பின்னர் அந்தத் தொழிலைக் காட்டியே, "பார்த்தீர்களா, அன்றே விரட்டியது சரிதானே" என்கின்றோம்.

உடலை மாற்றிக்கொண்டவரைப் பார்த்து, அல்லாஹ்வின் படைப்பை மாற்றினாய் என்கின்றோம். மாற்றாமல் இருப்பவரைப் பார்த்து, இப்படி இருக்காதே என்கின்றோம். நாம் அவருக்கு விட்டுவைத்த மூன்றாவது வழி எது?

சிலர் திருமணத்தை அந்த வழியாக நினைக்கின்றார்கள். "கலியாணம் முடிச்சா சரியாகும்." பெற்றோர்களே, அல்லாஹ்வுக்காகக் கேட்கின்றேன், இதனைச் செய்யாதீர்கள். விருப்பமற்ற ஒருவனுக்கு யாரோ ஒரு வாப்பாவின் மகளைக் கட்டிவைத்து, இரண்டு வருடத்தில் அவள் காதி நீதிமன்ற வாசலில் பஸஹ் கேட்டு நிற்கும் கொடுமையை நான் கண்டிருக்கின்றேன். அவள் செய்த குற்றம் என்ன?

நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில், யோக்யகர்த்தா நகரில், இத்தகையோர் குர்ஆன் ஓதக் கற்பதற்காக 2008 இல் அல்-ஃபதாஹ் என்ற மத்ரஸா ஒன்று தொடங்கப்பட்டது. 2016 இல் எதிர்ப்பினால் மூடப்பட்டது. பின்னர் மீண்டும் ஓதல் தொடர்ந்தது. அங்கு தொழ வருவோரில் சிலர் சாரம் உடுத்து ஆண்களாகவும், சிலர் பெண்களின் தொழுகை உடையிலும் நிற்பார்கள். அவ்வுடையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பள்ளிவாசலில் கூசி நின்றவர்களுக்கு அலிஃப், பா சொல்லிக்கொடுக்க ஒரு வீடு தேவைப்பட்டது என்பதை நினைக்கையில், வெட்கப்படவேண்டியவர் யார் என்று எனக்குத் தெரிகின்றது.

வாலிபர்களே, டியூஷன் வகுப்பில் அவன் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பவர் உங்களில் இருக்கின்றீர்கள். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்ட வேண்டாம் என்ற ஸூரா அல்ஹுஜுராத்தின் தடையில் எந்த விதிவிலக்கும் இல்லை. பெண்ணைப் போல் நடிப்பதைச் சாபம் என்று சொல்லிக்கொண்டே, சிரிப்புக்காக நீங்கள் அதை நடிக்கின்றீர்களே!

என்னுடைய குற்றமொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு ஜனாஸாவுக்குச் சென்றிருந்தேன். மையித்தின் இளைய பிள்ளை பதினொரு வருடங்களுக்கு முன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர். செய்தி கேட்டு வந்திருந்தார். காற்சட்டை, சேர்ட், நீண்ட கூந்தலை மறைத்த தொப்பி, கையில் மெல்லிய இரண்டு வளையல்கள். சந்தூக்கைத் தூக்கும்போது தோள் கொடுக்க முன்னே வந்தார். நானா கையை நீட்டித் தடுத்தார். கூட்டத்தில் ஒருவர் ஏதோ சொன்னார், சிலர் சிரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தோள் கொடுப்பதை எந்தக் கிதாபும் தடுக்கவில்லை என்பது அங்கு நின்றவர்களில் எனக்கு மாத்திரமே உறுதியாகத் தெரிந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவர் வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நடந்து வந்தார். மையவாடி வாசலில் நின்றுவிட்டார்.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு அவ்வீட்டுக்குச் சென்றபோது நானாவைத் தனியே அழைத்து இமாம் நவவியின் பேச்சைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தம்பியின் தொலைபேசி இலக்கத்தை மாத்திரம் எழுதித் தந்தார். அது அவரிடம் இருந்திருக்கின்றது.

வெள்ளவத்தைத் தாய்க்கு, ஊசி வேண்டாம், அடி வேண்டாம், மகனை அவனுடைய வாப்பாவோடு பஜ்ருக்கு அனுப்புங்கள், பரீட்சைக்குப் படிக்க விடுங்கள் என்று சொன்னேன். வாப்பா இன்னும் மகனோடு சரியாகக் கதைப்பதில்லையாம். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கின்றாராம்.

கடந்த நோன்புப் பெருநாளன்று கொட்டாஞ்சேனைப் பிள்ளை தொழுகைக்கு வந்தார். நான் அழைத்திருந்தேன். செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகில் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றார். அவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி இருந்தது. ஸஃப்பை நேராக்கி இடைவெளியை அடைத்த பின்னரே இமாம் தக்பீர் கட்டவேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் திரும்பி நின்று, தோளோடு தோள் சேருங்கள் என்றேன். மீண்டும் சொன்னேன். இடைவெளி அடையும்வரை கிப்லாப் பக்கம் திரும்பவில்லை. அன்று அதற்குச் சற்று நேரம் பிடித்தது.