ரெக்கார்டு நோட்டும் அடிக்குறிப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "சிவில் படிச்சிட்டு பைபிள் காலேஜுக்குப் போனியே, அதைப் பத்திப் பேசு" என்றார். இரண்டு நிபந்தனைகளும் போட்டார். மதப் பிரசங்கம் கூடாது, பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. முதல் நிபந்தனையைக் காப்பாற்றிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

நம் ஹைட்ராலிக்ஸ் லேப் நினைவிருக்கிறதா? ஆரிஃபிஸ் வழியாகத் தண்ணீர் விழும். சேகரிப்புத் தொட்டியில் 10 சென்டிமீட்டர் ஏற எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்க்க வேண்டும். அதிலிருந்து கணக்குப் போட்டால் டிஸ்சார்ஜ் கோயெஃபிஷியன்ட் 0.62 அருகே வரவேண்டும். எங்களுக்கு 0.81 வரும், 0.47 வரும். நாங்கள் என்ன செய்தோம்? 0.62 என்று முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு எத்தனை விநாடி ஆகியிருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் அழகாக ரீடிங் எழுதினோம். 0.62 என்று சரியாக வந்தால் சந்தேகம் வரும் என்று 0.617, 0.624 என்று கொஞ்சம் கலைத்தும் விட்டோம். (சிரிப்பு.) சிரிக்கிறவர்கள் எல்லாம் என் பேட்ச்தான் என்று தெரிகிறது.

அந்தப் பழக்கத்தோடுதான் செமினரிக்குப் போனேன்.

நான் ஏன் போனேன் என்பதை இரண்டே வரியில் சொல்கிறேன். படிப்பை முடித்து ஏழு வருடம் குடிநீர்த் திட்டங்களில் சைட் இன்ஜினியராக வேலை பார்த்தேன். என் தகப்பனார் இறந்தார். சில கேள்விகள் எழுந்தன. வேலையை விட்டுவிட்டு, செராம்பூர் செனட்டோடு இணைந்த ஓர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தேன். (இந்த செராம்பூர் 1818இல் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் வங்காளத்தில் தொடங்கிய கல்லூரி. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனம்தான் அதன் பட்டங்களுக்கு வேர். அந்தக் கதையே தனிக் கட்டுரைக்கு ஆகும்.) படிப்பு முடிந்ததும் குருப்பட்டம் பெறவில்லை. மறுபடியும் குழாய், வால்வு, பம்பு என்று பழைய தொழிலுக்கே வந்துவிட்டேன். ஆகவே இங்கே நிற்பது போதகர் அல்ல, இன்ஜினியர்தான்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் வீடுகளில் புதுவருஷ நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். சிறு அட்டையில் ஒரு வேதவசனம் அச்சாகியிருக்கும். கண்ணை மூடி எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருஷம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று நம்பிக்கை. அப்பா இறந்த வருஷம் அம்மா எடுத்தது எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். கடவுள் நமக்கு வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கு அல்ல, நன்மைக்கே. நாம் எதிர்பார்க்கிற முடிவைத் தருவார் என்பது அதன் சாரம். பிப்ரவரியில் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்து அம்மா ஜெபித்தார்கள். அக்டோபரில் அடக்கம் செய்தோம்.

இரண்டாம் வருடம் பழைய ஏற்பாட்டு வகுப்பில் செமினார் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் இந்த வசனத்தை எடுத்தேன். முடிவும் கையில் தயாராக இருந்தது: வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை, அப்பாவுக்குப் பரலோகத்தில் நிறைவேறியது. நூலகத்தில் ஏழெட்டு விளக்கவுரைகளை எடுத்து, என் முடிவுக்குத் தோதான பத்திகளை மட்டும் பொறுக்கி, தமிழாக்கி, ஒட்டி, 20 பக்கம் கொடுத்துவிட்டேன். 0.62 வந்துவிட்டது!

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியர் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், சத்தம் போடவே மாட்டார். கட்டுரையில் நான்கு இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "தம்பி, இந்த நாலு இடத்திலும் நீங்க பேசலை. வேற யாரோ பேசுறாங்க. யாருன்னு எழுதலையே" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இந்த இருபது பக்கத்துல, எழுத ஆரம்பிக்கும்போது உங்களுக்குத் தெரியாம இருந்து, முடிக்கும்போது தெரிஞ்சுகிட்டது எது?"

பதில் இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு புதிதாக எழுதித் தரவேண்டும். மூன்று வாரத்துக்கு விளக்கவுரைகளைத் தொடக்கூடாது. எரேமியா 27, 28, 29 அதிகாரங்களை மட்டும் கிடைக்கிற எல்லா மொழிபெயர்ப்பிலும் படித்து, கேள்விகளை மட்டும் எழுதி வரவேண்டும் என்றார்.

மாணவ நண்பர்களே, இந்த மூன்று வாரம்தான் நான் ஆராய்ச்சி என்றால் என்ன என்று கற்றது. சைட்டில் மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் போடக்கூடாது என்று தெரிந்த எனக்கு, வாசிக்காமல் எழுதக்கூடாது என்று தெரியவில்லை.

வாசித்தால், அது ஒரு கடிதம்! கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசனையும் கைவினைஞர்களையும் சிறைகொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவீர்கள் என்று மேடையேறிச் சொல்கிறான். கைதட்டல் வாங்கியிருப்பான். எரேமியாவோ, எழுபது வருடம் ஆகும். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊருக்காகவே ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். அந்த எழுபது வருடத்துக்கு அடுத்த வரிதான் அம்மாவின் அட்டை. அட்டையில் பத்தாம் வசனம் இல்லை.

இன்னொன்று. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கடவுள் ஒரு ஆளிடம் பேசும்போது 'நீ' என்பார். இங்கே 'உங்கள்' என்று வருகிறது. அப்படியானால் இது தனி ஒருவருக்குச் சொன்னதல்ல, ஒரு கூட்டத்துக்குச் சொன்னது. ஆங்கிலத்தில் படிப்பவனுக்கு இதை ஒரு பேராசிரியர் விளக்க வேண்டும். தமிழில் படிப்பவனுக்குக் கண் திறந்திருந்தால் போதும். எனக்கு 30 வயது வரை திறக்கவில்லை.

'எதிர்பார்க்கிற முடிவு' என்பதையும் அகராதியில் தேடினேன். பிரௌன், டிரைவர், பிரிக்ஸ் என்ற மூவர் தொகுத்து 1906இல் வந்த எபிரெய அகராதி. தூக்கினால் கை வலிக்கும். மூலத்தில் 'அஹரீத்', 'திக்வா' என இரண்டு சொற்கள் இருக்கின்றன. பின்வரும் காலம், நம்பிக்கை என்று பொருள். நாம் எதிர்பார்த்ததெல்லாம் நடக்கும் என்ற உத்தரவாதத்தை அந்தச் சொற்களில் என்னால் காண முடியவில்லை. நாங்கள் எதிர்பார்த்தது அப்பா பிழைக்க வேண்டும் என்று. ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லின் மேல் ஒரு குடும்பம் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகுதான் மற்ற புத்தகங்கள். சில சங்கதிகள் இன்ஜினியர் மனசுக்குப் பெரிய விருந்து. பாபிலோனில் ஜெர்மானியர்கள் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் சிலவற்றை 1939இல் வைட்னர் என்ற அறிஞர் வெளியிட்டார். அவற்றில் சிறைப்பட்ட யூதா அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எவ்வளவு எண்ணெய் கொடுக்கப்பட்டது என்று கணக்கு இருக்கிறது. ரேஷன் எண்ணெய்தான்! 2014இல் வெளியான வேறு பலகைகளில், பாபிலோன் நாட்டுப்புறத்தில் 'யூதாவின் ஊர்' என்று பெயர் பெற்ற இடமே வருகிறது. அங்கே குடியேறியவர்களின் நிலம், குத்தகை, வரி, பேரீச்சை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. எசேக்கியேல் புத்தகத்தில் வரும் கேபார் நதி உண்மையில் நிப்பூர் அருகே ஓடிய பாசன வாய்க்கால் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கடிதத்தில் சொன்னபடி வீடு கட்டித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். அதுவும் கால்வாய்ப் பாசனத்தில்! இரண்டு நாள் தூங்கவில்லை நான்.

உடனே பழைய புத்தியும் எட்டிப் பார்த்தது. எழுபது வருடக் கணக்கு. 597இலிருந்து பாரசீக அரசன் கோரேஸ் யூதரைத் திரும்பிப் போக அனுமதித்த 538 வரை எண்ணினால் 59தான் வருகிறது. 605இல் தொடங்கினாலும் 70 வரவில்லை. ஆலயம் இடிந்த 586இலிருந்து புது ஆலயம் முடிந்த 516 வரை எண்ணினால் கச்சிதமாக 70. விடுவேனா? அதையே எடுத்து எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, "கடிதம் எழுதும்போது ஆலயம் இடியவே இல்லையே, தம்பி" என்றார். லேப் அட்டென்டர் கூட என்னை இப்படிப் பிடித்ததில்லை. கடைசியில் மூன்று கணக்குகளையும் அதனதன் வித்தியாசத்தோடு எழுதி, எழுபது என்பது ஒரு மனித ஆயுளைக் குறிக்கும் முழு எண்ணாக இருக்கலாம் என்று சொன்னவர்களின் பெயர், நூல், பக்க எண்ணையும் போட்டேன். பொருந்தாத ரீடிங்கைப் பொருந்தவில்லை என்றே எழுதிக் கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பக்க எண் என்றதும் கார்டு முறையைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கும்போது ஒரு குறிப்புக்கு ஒரு கார்டு. கீழே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம். மேல் மூலையில் ஒரு எழுத்து: மேற்கோள் என்றால் 'மே', என் வார்த்தையில் சுருக்கியிருந்தால் 'சு', என் சொந்த எண்ணம் என்றால் 'எ'. இந்த ஒரு எழுத்தைப் போடாததால்தான் முதல் கட்டுரையில் யார் பேசுகிறார்கள் என்று எனக்கே தெரியாமல் போனது. அடிக்குறிப்பில் கமா எங்கே, புள்ளி எங்கே என்பதற்கெல்லாம் டுராபியன் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்த்து வந்த கேட் டுராபியன் என்ற அம்மையார் 1937இல் மாணவர்களுக்காக எழுதிய கையேடு. முதலில் எரிச்சல் வரும். போகப் போக ஐ.எஸ். கோடு மாதிரி பழகிவிடும். இப்போது கேட்டவுடன் கட்டுரையே எழுதித் தரும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதனிடமிருந்து எடுத்ததற்கு மூலையில் என்ன எழுத்துப் போடுவீர்கள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் கட்டுரையைப் பற்றிச் சொல்லவே பயம். அவர்களுக்கு மிச்சமிருப்பது அந்த அட்டை ஒன்றுதான். அதையும் நான் படித்த படிப்பால் பிடுங்கிவிடுவேனோ என்ற பயம். அம்மாவே கேட்டார்கள், "என்னத்த எழுதுத?" திண்ணையில் உட்கார்ந்து மூன்று அதிகாரத்தையும் வாசித்துக் காட்டினேன். அனனியா, இரண்டு வருடம், கடிதம், எழுபது வருடம் எல்லாம் சொன்னேன். அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "ஏய்யா, எழுவது வருஷம்னா, அந்தக் கடுதாசியக் கேட்டவன்ல முக்காவாசிப் பேரு திரும்பி வந்திருக்க மாட்டாம்லா. அங்கனயே செத்திருப்பான். அவனுக்கும் சேத்துத்தான நல்லதுன்னு சொல்லிருக்காரு. சாவப்போறவனையும் தோட்டம் போடத்தான சொல்லுதாரு." கொஞ்சம் கழித்து, "ஒங்கப்பாவும் அந்த மார்ச்சு மாசம் ரெண்டு தென்னங்கன்னு வச்சாவ" என்றார்கள். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் படித்த எந்த விளக்கவுரையும் எனக்கு இப்படி உறைக்கவில்லை. அன்றிரவே அதை ஒரு கார்டில் எழுதினேன். அம்மாவின் துக்கம் அத்தோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். அட்டை இன்னும் அவர்களுடைய பைபிளில்தான் இருக்கிறது.

கட்டுரையை ஜனவரியில் கொடுத்தேன். 23 பக்கம். நூற்றுக்கு 62 மதிப்பெண். ஆரிஃபிஸ் என்னை விடவில்லை! கடைசிப் பக்கத்தில் பேராசிரியர் இரண்டு வரி நல்லதாக எழுதியிருந்தார். ஆனால் 19ஆம் பக்கத்தில் மறுபடியும் ஒரு பென்சில் வட்டம். ஓரத்தில், "கட்டுரையிலேயே நல்ல பத்தி. ஆனால் இது உங்கள் நடை இல்லை. யாருடையது?" என்று இருந்தது.

அறைக்குப் போய்க் கார்டை எடுத்துப் பார்த்தேன். மேல் மூலையில் 'எ' என்று போட்டிருந்தேன்.

நூலகத்தில் வைக்கும் பிரதிக்காக அந்தப் பக்கத்தை மறுபடி டைப் செய்தேன். புது அடிக்குறிப்பு எண் 41. டுராபியனில் தேடினால் நேரில் பேசியதைக் குறிப்பிடவும் வழி இருக்கிறது: சொன்னவர் பெயர், உரையாடல், இடம், தேதி. அம்மாவின் பெயரை முழுதாக எழுதி, ஊர் பெயர் எழுதி, டிசம்பர் 27 என்று போட்டேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.