வீட்டுப்பாடம் யாருடைய வேலை?

(நாகபுரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதும் என்னைக் கல்வியைப் பற்றிப் பேசப் பணித்தது நம் செயலாளரின் துணிச்சல் என்றே சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தகப்பன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு ஒப்புக்கொண்டேன்.

வீட்டுப்பாடம் யாருடைய வேலை? மாணவனுடையது என்பார் ஆசிரியர். தாயாருடையது என்று தகப்பன்மார் பலர் எண்ணுகின்றனர். டியூஷன் வாத்தியாருடையது என்று மாணவன் எண்ணுகிறான். சரக்கு அலுவலகத்தில் இந்தக் குழப்பத்திற்கு இடமில்லை. அனுப்புகிறவர் ஒழுங்காகக் கட்டிக் கொடுக்க வேண்டும். இரயில்வே சேதமின்றிக் கொண்டு சேர்க்க வேண்டும். பெறுகிறவர் எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். மூவரில் ஒருவர் வேலையை மற்றொருவர் செய்யத் தொடங்கினால், மூட்டை குறையும் அன்று யாரைக் கேட்பது என்றே விளங்காது. பள்ளி நாட்குறிப்பேட்டில் பெற்றோர் கையொப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. காலையில் ஒரு காலில் செருப்பும் மறு காலில் அவசரமுமாக நின்றுகொண்டு அதில் கையெழுத்திடுவது, மூட்டையைப் பாராமலே ரசீது கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, மேல்வகுப்புகளில் வீட்டுப்பாடம் தேவைப்படுமிடத்தும் அது பாடப்புத்தகம் சார்ந்ததாக இருத்தல் கூடாது என்று 1993-இல் கூறியது. 2020-இல் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளிப் பைக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நாள் ஒன்றுக்கு 1 மணி நேரமும், 9 முதல் 12 வரை 2 மணி நேரமுமே உச்ச அளவு என்று வகுத்தது. நடப்பு வேறு என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். கணக்காசிரியர் கொடுத்தது விஞ்ஞான ஆசிரியருக்குத் தெரியாது. அவர் கொடுத்தது மராத்தி ஆசிரியைக்குத் தெரியாது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமே. கூட்டிப் பார்த்தால் இரவு பதினொரு மணி. போதாக்குறைக்கு, விடுபட்ட கேள்விகள் இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் வந்து விழுகின்றன. எந்தக் கிழமைக்கு எந்தப் பாடம் என்று வகுப்புக்கு ஓர் அட்டவணை போடுங்கள் என ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்பது குற்றமன்று. அதற்குப் பெற்றோர் கூட்டத்திற்குப் போக வேண்டும். கல்யாணத்திற்கும் காதணி விழாவிற்கும் டியூட்டி மாற்றிக்கொள்கிற நாம், இதற்கு மட்டும் மாற்ற ஆளில்லை என்கிறோம்!

இனி நமக்கே உரிய சங்கடத்திற்கு வருகிறேன். 2020-இல் இயற்றப்பட்ட சட்டப்படி மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். அதனோடு இந்தி, ஆங்கிலம். வீட்டிலோ தமிழ். நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மணமாகி வந்த நம் தாய்மார்களில் பலருக்கு நாகரி எழுத்து புரியாது. "எனக்கு என்ன தெரியும், அப்பா வரட்டும்" என்று ஒதுங்கி விடுகிறார்கள். அப்பா வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. விடை சொல்லித் தருவது பெற்றோர் வேலையே அன்று. "இன்றைக்கு என்ன கொடுத்தார்கள்? எனக்கு விளங்கும்படி தமிழில் சொல்" என்று கேட்டால் போதும். தான் எழுதியதைத் தாய்க்குத் தாய்மொழியில் விளக்க முடிந்த பிள்ளைக்குப் பாடம் ஏறிவிட்டது. முடியாத பிள்ளை பார்த்து எழுதியிருக்கிறது. மறுநாள் ஆசிரியரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் அதே கணத்தில் தெரிந்துவிடுகிறது. ஒளிச்சேர்க்கையை அம்மாவுக்கு விளக்கப் புகுந்தவள் அதற்குரிய தமிழ்ச் சொல்லைத் தேடுவாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பால் தர இயலாத பயிற்சி அது. (அத்தமிழ் வகுப்பிலும் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டா என்று நம் தமிழாசிரியரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.)

செயற்பாடு என்ற பெயரில் தெர்மோகோலில் கோட்டை கட்டும் வேலையைத் தகப்பன்மார் இரவு விழித்துச் செய்கின்றனர்; வசதியுள்ளோர் கடையில் காசு கொடுத்து வாங்குகின்றனர். மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பில் 100-க்கு 20 மதிப்பெண் அகமதிப்பீடு என்பதனால் வந்த ஆசை இது. மதிப்பெண் பிள்ளைக்குச் சேருகிறது. கைத்திறன் கடைக்காரருக்குச் சேருகிறது.

நிற்க. இன்னொன்று, சிலருக்குக் கசக்கலாம். நம் குவார்ட்டர்ஸ்களில் மாலை ஆறு மணிக்குச் சென்று பாருங்கள். பையன் புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கிறான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று வீடே அடங்கியிருக்கிறது. பெண்ணோ தண்ணீர் பிடித்து, காய்ந்த துணியை மடித்து, தம்பிக்குத் தோசை வார்த்து முடித்து, எட்டரை மணிக்குக் கொட்டாவியோடு நோட்டைத் திறக்கிறாள். இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே கேள்வித்தாள். மதிப்பெண் குறைந்தால் அவளைத்தான் "இவளுக்குப் படிப்பு வராது" என்கிறோம். 2 மணி நேரம் என்று அரசு சொன்னது இருவருக்கும்தானே? வீட்டு வேலை பிள்ளைகளுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை, நன்றாக ஆகும். பையனும் பாத்திரம் கழுவட்டும், பால் வாங்கி வரட்டும், பாய் சுருட்டட்டும். வேலையை இரண்டாகப் பிரித்தால் நேரமும் இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பாதி கிடைக்கும். என் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. பையன் வார்க்கும் தோசை வட்டமாக வருவதில்லை, அவ்வளவே.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இரண்டே அறையுள்ள வீட்டில், இரவு டியூட்டி முடித்த தகப்பன் உறங்க, தொலைக்காட்சியும் ஓட, பிள்ளை எங்கே உட்காரும்? நம் சங்கக் கூடம் திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் பூட்டிக் கிடக்கிறது. அதனை 6.30 முதல் 8.30 வரை 9 முதல் 12-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்குத் திறந்து விடலாம். யாரும் பாடம் நடத்த வேண்டா. பெரியவர் ஒருவர் அமைதி காத்து அமர்ந்திருந்தால் போதும். ஓய்வு பெற்றோர் இருவர் முன்வந்துள்ளனர். வாரத்திற்கு இன்னும் மூவர் வேண்டும். பெண்பிள்ளைகளை வீடுவரை கொண்டு விடும் பொறுப்பை அந்தந்த வரிசை வீட்டார் முறை வைத்து ஏற்க வேண்டும். கூடத்தில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை, அவற்றை மாற்ற வேண்டும். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடைக்கு ஒரு கூலரும் தேவைப்படும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். குறிப்பேடு மேசைமீது இருக்கிறது.