குட்டியானை நிற்கும் தளம்: இரண்டு தடவை போட்ட கதை

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது திருக்குறள் ஒப்பித்ததோடு சரி. ஆனால் இரண்டாவது கடன் கொடுக்கும்போது எங்கள் குழுவில் ஒரு நிபந்தனை போட்டாங்க. “வாங்கிக்கோ, ஆனா முதல் தடவை எங்கே தப்பு நடந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லணும்” என்றார்கள். அந்தக் கடனுக்கு வட்டி மாதிரி இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குன்னம் பக்கம். சுத்தக் கரிசல் பூமி. வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். சின்ன வெங்காயம் திருச்சி மண்டிக்கு, பருத்தி, மக்காச்சோளம் பெரம்பலூருக்கு என்று வாடகைக்குப் போவார். வண்டியை வீட்டு ஓரத்தில் வெறும் மண்ணில்தான் நிறுத்துவோம். ஒரு ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வெங்காய லோடு. மழையில் பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுக்கும்போது விடிந்துவிட்டது. மண்டி ஏலம் முடிந்துபோச்சு. லோடு கொடுத்தவர் அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் தளம் போட்டுத் தகரக் கொட்டகை போடலாம் என்று குழுவில் 50,000 ரூபாய் கடன் வாங்கினேன்.

பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். வந்த கொத்தனார் மேல்மண்ணை லேசாகச் சுரண்டி, ஒரு டிப்பர் கிராவலைக் கொட்டிப் பரப்பி, கம்பியை அதன் மேலேயே படுக்க வைத்து, நாலு அங்குலம் கான்கிரீட் போட்டார். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. நான்கூட “என்ன சுறுசுறுப்பு” என்று மெச்சிக்கொண்டேன். கலவை கஞ்சி மாதிரி ஓடியது. எங்கள் குழுவில் ஒரு அக்கா இருபது வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறார். அன்றைக்கு அவரும் சட்டி தூக்க வந்திருந்தார். “தம்பி, தண்ணி அதிகமாப் போவுது” என்று ஒரு தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை கட்டடத்துக்குக் கலவை சுமந்த பொம்பளைக்குக் கலவை தெரியாதா? நாமே அவர்களைக் கேட்பதில்லை.

இரண்டு நாள் தண்ணீர் தெளித்தோம். மூன்றாம் நாள் ஊர்த் திருவிழா. அதோடு விட்டுவிட்டோம். பத்தாம் நாள் வண்டி ஏறிவிட்டது.

ஆடியில் மயிரிழை மாதிரி கோடு. ஐப்பசி மழை முடிந்தபோது விரல் நுழைகிற வெடிப்பு. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் இறங்கிவிட்டது. வண்டியை ஏற்றினால் தொட்டில் மாதிரி ஆடும். கடனில் இன்னும் பதினாலு தவணை பாக்கி. வெடித்த தளத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, மாதாமாதம் அதற்குத் தவணை கட்டுவது எப்படி இருக்கும் என்று கடன் வாங்கினவர்களுக்குத் தெரியும். ஒரு தவணைகூட நான் தவறவில்லை. ஆனால் கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் இல்லை.

வெடிப்பு ஏன் அந்த இடத்தில் வந்தது என்று கண்டுபிடித்தது அந்தச் சித்தாள் அக்காதான். தளத்தின் மேற்குப் பக்கம் எங்கள் குளியலறைத் தண்ணீர் ஓடுகிறது. அந்தப் பக்கத்து மண் எந்நேரமும் ஈரம். கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஈரப் பக்கம் பொங்கித் தளத்தைத் தூக்குகிறது, காய்ந்த பக்கம் சுருங்கி இறங்குகிறது. ஈரமும் காய்ச்சலும் சேர்கிற கோட்டில் நேராக வெடித்திருக்கிறது. கரிசல் வயலில் கோடையில் கால் நுழைகிற வெடிப்பு விடுவதையும், மழைக்கு அது மூடிக்கொள்வதையும் நாம் பார்க்காததா? வயலில் தெரிந்தது வீட்டு வாசலில் மறந்துபோச்சு.

பிறகு ஒரு ஓவர்சியரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு சோதனை சொன்னார், வீட்டிலேயே செய்தேன். மண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சலித்து, ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு போடணும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் முழுக்க ஆடாமல் வைக்கணும். மண்ணெண்ணெயில் மண் பொங்காது. தண்ணீர் டம்ளரில் மண் எவ்வளவு உயரம் கூடி நிற்கிறதோ, அவ்வளவுக்கு அது பொங்குகிற மண். எங்கள் மண் ஏறக்குறைய ஒன்றரைப் பங்காக நின்றது. என் மாமியார் பார்த்துவிட்டு, “இட்லி மாவு தோத்துச்சு போ” என்றார். செம்மண் பூமிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது.

இரண்டாவது கடன் கேட்டபோது குழுவில் பெரிய விவாதம். மாட்டுக்குக் கொடுக்கலாம், கடைக்குக் கொடுக்கலாம், வெடித்த தளத்துக்கு மறுபடியுமா என்று கேட்டார்கள். கேட்டது தப்பில்லை. அது எல்லாருடைய சேமிப்புப் பணம். “வண்டி நின்னா மாட்டுக்காரிக்கும் கடைக்காரிக்கும் சேர்த்துத்தானே நஷ்டம்” என்று சித்தாள் அக்கா எனக்காகப் பேசினார். 40,000 கொடுத்தார்கள்.

இந்தத் தடவை முதல் வேலையே குளியலறைத் தண்ணீருக்குக் குழாய் போட்டு, தள்ளி இருக்கிற வாழைக்குத் திருப்பியதுதான். பழைய தளத்தை உடைத்து எடுத்தோம். கரிசல் எங்கள் இடத்தில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது, முழுசாக எடுக்க முடியாது. இரண்டடி ஆழம் எடுத்தோம், தளத்தின் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு அடி கூடுதலாக. அந்தக் குழியில் மணல் கொட்டக் கூடாதாம். மணல் வழியாகத் தண்ணீர் நேராகக் கீழே இறங்கிக் கரிசலை ஊற வைத்துவிடும். பொங்காத செம்மண் கிராவல்தான் வேண்டும். அதையும் மொத்தமாகக் கொட்டாமல், அரையடி பரப்புவது, தண்ணீர் தெளிப்பது, திமிசு போடுவது, மறுபடி அரையடி. இரண்டு நாள் இதற்கே போனது. பக்கத்து வீட்டில், “மண்ணை இடிக்கிறதுக்கா கூலி?” என்று சிரித்தார்கள். சுற்றியுள்ள தரையைவிட முக்கால் அடி உயரத்தில் தளம் வருகிற மாதிரி மட்டம் பிடித்து, மேலே பாலிதீன் தாள் விரித்தோம்.

கணக்கு சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியும் லோடும் சேர்ந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல். அதனால் தளம் ஐந்து அங்குலம். 16க்கு 12, ஐந்து அங்குலம் என்றால் 80 கன அடி கான்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி எல்லாம் தனித்தனியாக இருக்கும்போது இடைவெளி இருக்கும், தண்ணீர் சேர்த்துக் கலந்தால் அடங்கிவிடும். அதனால் 80ஐ ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட ஆக்கி, 123 கன அடிக்குப் பொருள் வாங்கணும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் சிமென்ட் 18 மூட்டை, கை இருப்புக்கு ஒன்று சேர்த்து 19. எம் சாண்ட் 34 கன அடி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. முக்கால் ஜல்லி 67 கன அடி, மூன்றில் இரண்டு பங்கு. முதல் தடவை 11 மூட்டையில் முடித்திருந்தார்கள் என்பதை அப்போதுதான் பழைய நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலு அங்குலத்துக்கே 15 மூட்டை வந்திருக்கணும்.

சிமென்ட் விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அரியலூரைச் சுற்றி எத்தனை ஆலை! அரசு சிமென்ட் ஆலையே 1979ல் இருந்து ஓடுகிறது. அந்தச் சுண்ணாம்புக்கல் எல்லாம் ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தபோது சேர்ந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் கல்லாகிப்போன சிப்பிகளை அரியலூர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும். வாரணவாசியில் அதற்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. ஆனால் ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கடையில் இருக்கிற மூட்டை புதுசு என்று நினைக்காதீர்கள். மூட்டையில் எந்த வாரம், எந்த மாதம் தயாரித்தது என்று அச்சடித்திருக்கும். மூன்று மாதம் தாண்டியதையும் கட்டி தட்டியதையும் தொடாதீர்கள்.

சட்டிக் கணக்கை நிறுத்தினோம். ஒருவர் சட்டி கூம்பாக இருக்கும், இன்னொருவர் சட்டி தட்டையாக இருக்கும். ஒரு மூட்டை சிமென்ட் ஒன்றேகால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவுக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்தோம். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம் சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஒன்றேகால் வாளி, அவ்வளவுதான். கலவை இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். வாளியைச் சித்தாள் அக்கா கையில் கொடுத்து, “இவங்க ஊத்துறதுதான் தண்ணி” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவருக்குக் கொத்தனார் கூலியே கொடுத்தேன்.

கம்பி எட்டு எம்எம், முக்கால் அடிக்கு ஒன்று, குறுக்கும் நெடுக்கும். மண்ணில் படுத்த கம்பி சும்மா துருப்பிடிக்கத்தான் லாயக்கு. தரைத் தளத்தில் வெடிப்பு மேலிருந்துதான் விரிகிறது, அதனால் மேல்மட்டத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் கம்பி இருக்கணும். டீ குடிக்கிற பேப்பர் கப்பில் சிமென்ட் கலவை ஊற்றி இறுக வைத்து, அந்தக் கட்டிகளின் மேல் கம்பியை நிறுத்தினோம். முன்பக்கம் தண்ணீர் வழிய, பதினாறு அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து வெயிலுக்கு முன் பாதியைத் தாண்டிவிட்டோம். மேலே இறுகுவதற்குள், எட்டாவது அடியில் குறுக்கே ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு இரும்புப் பட்டையால் கோடு அழுத்திவிட்டோம். கான்கிரீட் சுருங்கும், எங்காவது வெடிக்கத்தான் செய்யும். வெடிக்கிறது அந்தக் கோட்டுக்குள்ளேயே வெடிக்கட்டும் என்றுதான் அது.

அப்புறம் தண்ணீர். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, சிமென்ட் தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. காய விட்டால் அரைகுறையாக நின்றுவிடும். அன்று மாலையே ஈரச் சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, பதினாலு நாள். நான் வேலைக்குப் போகும் நாளில் குழுவில் மூன்று பேர் முறை வைத்துப் பார்த்தார்கள். ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும், முழுப் பலத்துக்கு 28 நாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்காரர் லோடோடு வந்து, “கல்லு மாதிரி இருக்கே, ஏத்திடவா?” என்றார். மாமியார் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் வாய்க்குப் பயப்படாதவர் அந்தக் கட்டிலுக்குப் பயந்தார். வண்டி 28 நாளும் தெருவில்தான் நின்றது.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அந்த எட்டாவது அடிக் கோட்டுக்குள் மட்டும் மயிரிழை ஓடியிருக்கிறது. மற்ற இடம் சுத்தமாக இருக்கிறது. மாசியில் அதன் மேல் மக்காச்சோளம்கூடக் காயவைத்தோம். முதல் கடன் முடிந்தது, இரண்டாவதில் ஐந்து தவணை இருக்கிறது.

அந்த அளவுப் பெட்டி கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. ஆட்டுக் கொட்டகையோ, களமோ, வண்டித் தளமோ யார் போட்டாலும் எடுத்துக்கொண்டு போங்கள், வாடகை கிடையாது. திருப்பித் தரும்போது சிமென்ட் ஒட்டாமல் கழுவித் தாருங்கள். போன தடவை போனது அரை அங்குலம் குறுகி வந்தது.