ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. போய்விடும் பொருளுக்கே அளவு வேண்டும் எனில், திரும்பி வரவேண்டும் என்று எண்ணிப் போடும் பொருளுக்கு எத்தனை அளவு வேண்டும்! ஆயினும், அளப்பது என்று புறப்பட்டவுடன் வேறொரு கேள்வியும் பிறக்கிறது. எதை எந்தப் படியால் அளப்பது? நெல்லை அளக்கும் மரக்காலைக் கொண்டு துணியை அளக்கப் புகுந்தவன் துணியின் நீளத்தையும் அறியான். மரக்காலின் பெயரையும் கெடுப்பான். சேமிப்பை முதலீட்டு நிதிகளில் போட்டு வைத்திருப்போர்க்கு இந்தக் கேள்வி இன்று மிகவும் வேண்டியதாகும்.

சென்ற கோடையில் நாம் குடிபாலாவுக்குச் சென்றிருந்தோம். சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி அது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த பூமி. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவதை இன்றும் அங்கே கேட்கலாம். அங்கு எமது பெரியப்பா இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை ஒரு பரஸ்பர நிதியில் போட்டு வைத்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் அனுப்பியதாக ஒரு தாளை எம்மிடம் நீட்டினார்.

"தம்பி, நீ தில்லியிலே பெரிய பெரிய அறிக்கைகளை எல்லாம் தமிழ்ப்படுத்துகிறவன். இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லு. என் பணம் இருக்கிற நிதிக்கு ஒன்பதுக்கு மூன்று மதிப்பெண்ணாம். மூன்று வாங்கிய பையனை நான் ஒரு நாளும் தேர்ச்சி போட்டதில்லை. எடுத்துவிடட்டுமா?" என்றார்.

நாம் கணக்கர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, சொற்களை நிறுத்துப் பார்த்துப் பிழைப்பவர். ஆயினும் பெரியப்பாவின் முதுமைக் காலத்துச் சோறு அந்தத் தாளில் இருந்தது. எனவே அன்று மாலை முழுவதும் அதையே பார்த்தோம்.

அந்த ஒன்பது மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டில், அப்போது சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பியோட்ரோஸ்கி என்னும் கணக்கியல் பேராசிரியர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்தொகையில் காணும் சொத்து மதிப்பை நோக்கச் சந்தையில் மிக மலிவாக விலைபோகும் கம்பெனிகள் சில உண்டு. அவற்றுள் தேறக்கூடியது எது, மூழ்கக்கூடியது எது என்று பிரித்தறிவதே அவர் நோக்கம். 1976 முதல் 1996 வரையிலான அமெரிக்கக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒன்பது கேள்விகள் கேட்டார். 'ஆம்' என்றால் ஒன்று. 'இல்லை' என்றால் சுழி. எட்டும் ஒன்பதும் பெற்றவை வலியவை. சுழியும் ஒன்றும் பெற்றவை நலிந்தவை. வலியவை நலிந்தவற்றைக் காட்டிலும் பங்குதாரர்க்கு நல்ல பலன் தந்தன என்பதே அவர் கண்ட முடிவு.

இந்த ஒன்பது கேள்விகளைச் சித்தூர் வட்டாரத்தில் நாம் நன்கு அறிந்த ஒரு தொழிலை வைத்து விளங்கிக்கொள்ளலாம். மாம்பழக் கூழ் ஆலை ஒன்றை மனத்தில் கொள்வோம்.

முதல் நான்கு கேள்விகள் ஈட்டலைப் பற்றியவை. ஆலை இவ்வாண்டு இலாபம் கண்டதா? தொழிலிலிருந்து கையில் ரொக்கம் வந்ததா? போட்ட சொத்துக்கு ஏற்ற இலாப வீதம் சென்ற ஆண்டைவிட உயர்ந்ததா? கணக்கில் காட்டிய இலாபத்தைவிட வந்த ரொக்கம் மிகுதியா? இந்த நான்காவது கேள்வி மிகவும் கூர்மையானது. கூழைக் கடனுக்கு விற்றாலும் ஏட்டில் இலாபம் ஏறும். பெட்டியில் பணம் இராது. வருமானம் வேறு, வரவு வேறு. முன்பு ஒரு நிறுவனத்தின் அறிக்கையை மொழிபெயர்க்கும்போது இவ்விரண்டு சொற்களையும் மாற்றி எழுதிவிட்டு, கணக்கர் ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அன்று பட்ட வெட்கத்தால்தான் இந்த வேறுபாடு நமக்கு மறவாமல் நிற்கிறது.

அடுத்த மூன்று கேள்விகள் கடனையும் கைப்பொருளையும் பற்றியவை. சொத்தை நோக்க நீண்டகாலக் கடன் குறைந்ததா? ஓராண்டுக்குள் செலுத்த வேண்டியவற்றைச் செலுத்தும் வசதி பெருகியதா? பணமுடையால் புதுப் பங்குகளை வெளியிடாமல் ஆண்டைக் கடந்ததா? இறுதி இரண்டும் திறமையைப் பற்றியவை. விற்பனையில் அடக்கச் செலவு போக நிற்கும் மிகுதி உயர்ந்ததா? இருக்கும் எந்திரத்தையும் கட்டடத்தையும் கொண்டு முன்னிலும் மிகுதியாக விற்றதா?

கூழ் ஆலையைக் கேட்பதற்கு இவை ஒன்பதும் நல்ல கேள்விகளே. இவற்றையே ஒரு முதலீட்டு நிதியைக் கேட்டால் என்ன ஆகும்?

நிதி எதையும் ஆக்கி விற்பதில்லை; ஆகவே அடக்கச் செலவு போக நிற்கும் மிகுதி என்பதற்கு அங்கே பொருள் இல்லை. மக்கள் புதிதாகப் பணம் போட, நிதி அதைக் கொண்டு பங்குகளை வாங்குகிறது. அதைத் தொழிற்செலவாக எழுதினால் ரொக்கம் குறைந்தது போலத் தோன்றும். ஒரு மதிப்பெண் போய்விடும். புது யூனிட்டுகள் வெளியிட்டதால் மற்றொரு மதிப்பெண்ணும் போகும். ஆனால் அன்றாட மதிப்புக்குச் சரியான விலையில் யூனிட் விற்கப்பட்டால் பழைய உறுப்பினர்க்கு அதனால் குறைவில்லை. பங்குச் சந்தை இறங்கிய ஆண்டில் இலாப வீதமும் இறங்கும். மேலும் ஒன்று போகும். இவ்வாறு நலமாக இருக்கும் நிதியும் மூன்று வாங்கக்கூடும். நோயுற்ற நிதி ஏழு வாங்கவும் கூடும். ஒன்பது கேள்விகளும் கூடையிலுள்ள பழங்களைச் சோதிக்க வந்தவை. நிதி வாங்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஒவ்வொன்றையும் அவற்றால் சோதிக்கலாம். கூடையைச் சோதிக்க வேறு கேள்விகள் வேண்டும்.

அந்தக் கேள்விகளை நமக்குக் கற்பித்தது ஒரு பெரிய துன்பம். அதுதான் யூனிட் டிரஸ்டின் 1964-ஆம் ஆண்டுத் திட்டம்.

1963-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 1964 பிப்ரவரி முதல் நாளன்று இந்திய யூனிட் டிரஸ்ட் தோன்றியது. அப்போது நிதி அமைச்சராக இருந்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பத்து ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டுகள் விற்பனைக்கு வந்தன. பங்குச் சந்தையின் படியை மிதித்தறியாத ஆசிரியரும் குமாஸ்தாவும் விதவைத் தாயும் தொழில் வளர்ச்சியில் தமக்கும் ஒரு பங்கு பெறலாம் என்பது அதன் உயர்ந்த நோக்கம். ஆண்டுதோறும் ஈவுத்தொகை வந்தது. வேண்டும்போது யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணமும் பெறலாம். உறுப்பினர் தொகை சுமார் இரண்டு கோடி வரை வளர்ந்தது.

ஆனால் உள்ளே ஒரு மாறுதல் நிகழ்ந்து வந்தது. நிதானமான வருவாய்த் திட்டம் என்று மக்கள் எண்ணியிருந்த இதில், 1990-களில் நிறுவனப் பங்குகள் பாதிக்கும் மேலாகப் பெருகிவிட்டன. சந்தை ஏறி இறங்க, சொத்தும் ஏறி இறங்கியது. யூனிட்டின் விலையோ ஏறி இறங்கவில்லை. அதை நிர்வாகமே வகுத்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின்னால் உண்மையில் எத்தனை ரூபாய்ச் சொத்து நிற்கிறது என்பது வெளியிடப்படவில்லை. மற்ற நிதிகளைக் கட்டுப்படுத்திய செபி விதிகள் தனிச் சட்டத்தின்கீழ் இயங்கிய இத்திட்டத்தைத் தொடவில்லை.

ஈவுத்தொகை மட்டும் எல்லார் கண்ணையும் நிறைத்தது. 1990-களின் நடுவில் நூற்றுக்கு 26. 1998-இல் நூற்றுக்கு 20. இந்த 20 என்பது பத்து ரூபாய் முகமதிப்பின் மேல் கணக்கிட்டது; அதாவது இரண்டு ரூபாய். 14 ரூபாய் கொடுத்து ஒரு யூனிட்டை வாங்கியவர்க்கு அது நூற்றுக்கு 14 அளவே ஆகும். அது போகட்டும். நூற்றுக்கு 20 என்று ஈவு அளித்த அதே 1998-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் கணக்கில், திட்டத்தின் காப்பு நிதி 1,098 கோடி ரூபாய் பள்ளத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இச்செய்தி வெளிவந்ததும் நாடு திடுக்கிட்டது. தீபக் பாரேக் தலைமையில் அமைந்த குழு, யூனிட்டின் விலையைச் சொத்து மதிப்போடு இணைத்தல் வேண்டும் என்று 1999-இல் பரிந்துரைத்தது. அது நிறைவேறுவதற்குள் சந்தை மீண்டும் சரிந்தது.

இதனால் விளையும் கேடு என்ன? ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் பத்துக் குடும்பத்தார் ஆளுக்குப் பத்து மூட்டை நெல் போட்டதாக வைத்துக்கொள்வோம். எலி தின்று பாதி போய்விட்டது. ஆனால் கணக்குப்பிள்ளை வந்தவர்க்கெல்லாம் பத்து மூட்டை என்றே அளந்து கொடுக்கிறார். முதலில் வந்த ஐவர் முழுவதும் பெற்றுப் போவர். பின்னால் வரும் ஐவர்க்கு வெறும் தரையே மிஞ்சும். எலியைப் பற்றிய செய்தி யாருக்கு முன்னால் தெரியுமோ அவரே பிழைப்பர்.

2001-இல் இதுவே நடந்தது. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெரிய நிறுவனங்கள் பல தம் யூனிட்டுகளை 14 ரூபாய் அளவில் திருப்பிக் கொடுத்துப் பெருந்தொகைகளை எடுத்துக்கொண்டன. ஜூலை 2-ஆம் நாள் விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஆறு மாதத்திற்கு நிறுத்தப்பட்டன. எஞ்சி நின்றவர் சிறு சேமிப்பாளர். ஆண்டின் இறுதியில் சொத்து மதிப்பு கணக்கிடப்பட்டபோது யூனிட் ஒன்றுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவாகவே தேறியது. அரசு தலையிட்டு, சிறு உறுப்பினர்க்குக் குறிப்பிட்ட அளவு வரை பத்து ரூபாய்க்குக் குறையாத விலை உறுதி செய்தது. 2003 பிப்ரவரியில் யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மே மாத இறுதியில் 1964-ஆம் ஆண்டுத் திட்டமும் முடிந்தது. தொடர விரும்பியவர்க்கு நூற்றுக்கு 6.75 வட்டியுள்ள கடன் பத்திரங்கள் அளிக்கப்பட்டன. பள்ளத்தை நிரப்பிய பொருள் வரி செலுத்தும் பொதுமக்களுடையது.

இந்த வரலாற்றைப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, அதிலிருந்தே ஐந்து கேள்விகளை எடுத்து அவருடைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தோம்.

ஒரு யூனிட்டின் பின்னால் நிற்கும் நிகரச் சொத்து மதிப்பு இன்று எவ்வளவு. வாங்குவதும் விற்பதும் அந்த விலையிலேதானா? இது முதற்கேள்வி. பரஸ்பர நிதிகள் இம்மதிப்பைச் சந்தை நடக்கும் ஒவ்வொரு நாளும் வெளியிடுகின்றன. இரண்டாவது, நிதி என்னென்ன வாங்கி வைத்திருக்கிறது. சேரும்போது சொன்ன சொல்லும் அதுவும் பொருந்துகின்றனவா? மாதந்தோறும் வரும் பட்டியலில் இதைப் பார்க்கலாம். மூன்றாவது, நமக்கு வரும் தொகை ஈட்டியதிலிருந்து வருகிறதா, போட்ட முதலிலிருந்தே வருகிறதா? நான்காவது, நடத்தும் செலவுக்காக ஆண்டுதோறும் நூற்றுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள்? ஐந்தாவது, பலர் ஒரே நாளில் பணம் கேட்டால், விரைவில் விற்றுக் கொடுக்கக்கூடிய சொத்து உள்ளே இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஈவு என்ற சொல் இனிய சொல். மரம் தானே உதிர்த்த கனி என்ற எண்ணத்தைத் தருவது. ஆனால் பரஸ்பர நிதி ஈவு தந்த அன்றே அதன் சொத்து மதிப்பு அந்த அளவுக்கு இறங்கிவிடும். கொடுத்தது நம் மரத்தின் கிளையாகவும் இருக்கலாம். எனவே 2021 ஏப்ரல் முதல், ஈவு என்ற அப்பெயரை நீக்கி, 'வருமானப் பகிர்வும் முதல் எடுப்பும்' என்னும் பொருள்படும் நீண்ட பெயரை இடும்படி செபி கட்டளையிட்டது. அழகற்ற பெயர்தான், ஆனால் உண்மையான பெயர். 1998-இல் இத்தகைய பெயர் இருந்திருந்தால் நூற்றுக்கு 20 என்ற செய்தியைக் கேட்டவர் சற்று நின்று யோசித்திருப்பர்.

பெரியப்பா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பேரனைத் தொலைபேசியில் அழைத்து, ஐந்து கேள்விகளுக்கும் விடை வாங்கி எழுதினார். அவருடைய நிதி நான்கு கேள்விகளுக்கு நன்றாகவே விடை சொன்னது. இரண்டாவது கேள்வியில்தான் தடுக்கியது. அது பெரும்பாலும் பங்குகளையே வைத்திருக்கும் நிதி. ஏழெட்டு ஆண்டு பொறுக்கக்கூடிய பணத்திற்கு ஏற்றது. அவரோ இரண்டு ஆண்டுக்குள் வீட்டுக் கூரையை மாற்ற வேண்டியவர். அதற்கு வேண்டிய தொகையை மட்டும் எடுத்து அஞ்சலகத்தில் போட்டார், மற்றதை விட்டுவைத்தார். ஒன்பதுக்கு மூன்று என்ற மதிப்பெண் இந்தக் கூரையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஊரை விட்டுப் புறப்படும்போது அவர் சொன்னார்: "தம்பி, இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தும் எனக்குத் தோன்றவில்லை பார். பையன் மூன்று மதிப்பெண் வாங்கினால், அவனுக்குக் கொடுத்த வினாத்தாள் அவன் வகுப்புக்கு உரியதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும்."

நேயர்களும் தம் சேமிப்புக்கு யாரேனும் மதிப்பெண் போட்டுக் காட்டினால், அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன் வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்ப்பார்களாக.