வெள்ளம் வந்த இரவும் அதன் பின் வந்த நாட்களும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் நான் வெள்ளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்பதை அழைப்பிதழில் கண்ட நண்பர் ஒருவர் நகைத்தார். "கரிசல் காட்டிலே தண்ணீருக்காக அழுதவர்களைத்தான் கண்டிருக்கிறோம், தண்ணீரால் அழுதவர்களை எங்கே கண்டீர்?" என்றார். அவர் வெளியூர்க்காரர். 2023ஆம் ஆண்டு மார்கழி முதல் நாளில் இங்கே இருந்திருந்தால் அவ்வாறு கேட்டிருக்க மாட்டார்.

அன்று டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சியால் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. என்று பதிவாயிற்று. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையிலுள்ள காக்காச்சியில் 96 செ.மீ. பெய்ததை முதியோர் நினைவுகூர்வர். அது மலையிலே பெய்தது. இதுவோ சமவெளியிலே, நம் தலைமேலேயே பெய்தது. கோவில்பட்டியிலும் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதே சுமார் 65 செ.மீ. தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கரிசல் மண்ணின் குணத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையை அந்த வெடிப்பெல்லாம் குடித்துவிடும். குடித்து ஊறி உப்பிய பின்னரோ மெழுகு பூசியதுபோல் அடைத்துக்கொண்டு, அதற்குமேல் விழும் துளியை உள்ளே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்னரே ஊறியிருந்த நிலத்தில் மார்கழி மழை இறங்க இடமின்றி அப்படியே ஓடையை நோக்கி ஓடியது. ஓடைக்கரையில் இருந்தவர் யார்? நம்மவர்தாம். ஊர் மேட்டில் அமைந்ததும், நம் குடியிருப்பு பள்ளத்தில் அமைந்ததும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. குடியிருக்க இடம் கேட்ட பாட்டன்மார்க்கு, வேறு எவரும் வேண்டாத இடமே காட்டப்பட்டது. வானம் எல்லோர்க்கும் ஒன்றுபோலவே பெய்தது. தண்ணீர் மட்டும் எங்கள் தெருவைத் தேடி வந்தது.

இரவு ஒன்பது மணியளவில் வாசலில் நின்ற நீர், பத்தரை மணிக்கு அடுப்பை அணைத்தது. மண்சுவர் ஒரேயடியாக விழுவதில்லை. அடியில் ஊறி, கரைந்து, மெல்லச் சரிந்து அமர்கிறது. அந்த ஓசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். குழந்தைகளையும் முதியோரையும் மேட்டிலுள்ள நம் சங்கக் கட்டடத்துக்கு இளைஞர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். ஆட்டுக்குட்டிகளை மாணவர் பெஞ்சுகளின்மேல் ஏற்றிக் கட்டினோம். இரவுப் பள்ளிக்கென்று இருபதாண்டுக்கு முன் கைக்காசு போட்டு இந்த மேட்டை வாங்கியபோது, "இவ்வளவு தூரத்திலா பள்ளிக்கூடம்?" என்று சங்கத்தைக் குறை கூறியவர்களுள் நானும் ஒருவன். அதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

நள்ளிரவில் கண்மாய்க்கரை நெகிழ்கிறது என்று செய்தி வந்தது. ஊராரும் ஓடினர், நாமும் ஓடினோம். கரைமீது நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது நம் தெருப் பெரியவர் ஒருவர், தம் தகப்பனார் மடைக்குடும்பராக இருந்தவர், "கரையிலே மண்ணைக் கொட்டிப் பயனில்லை, மறுகாலைப் பாருங்கள்" என்றார். மறுகால் முழுவதும் சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தது. இரு தெரு இளைஞர்களும் இடுப்பளவு நீரில் இறங்கி, கைவிளக்கொளியில் அரிவாள் கொண்டு வெட்டினார்கள். விடியுமுன் மறுகால் பாய்ந்தது, கரை நின்றது.

மடை திறக்கவும் அடைக்கவும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று அளந்து விடவும் அறிந்தவர்கள் நம் முன்னோர். நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் அவர்களை அழைத்தார்கள். நம் கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடியில் பிறந்த சோ. தர்மன் 2016இல் எழுதிய 'சூல்' நாவல், ஒரு கண்மாயும் அதைக் காத்த மனிதரும் அழிந்த கதையே; 2019இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் நூலகத்தில் அந்நூல் உள்ளது. எடுத்துச் சென்றவர் பெயர்ப் பட்டியல் மிகவும் குறுகியது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அன்றிரவு ஊர்ப்பக்கத்திலும் நாலைந்து வீடுகள் சரிந்தன. அவ்வீட்டார் விடியற்காலையில் நம் கட்டடத்து வாசலில் வந்து நின்றனர். ஒரு கணம் எவரும் பேசவில்லை. பிறகு நம் அத்தை ஒருவர், "நனைஞ்சுக்கிட்டு ஏன் நிக்கிறீக தாயி, உள்ள வாங்க" என்றார். ரேஷன் அரிசிக் கஞ்சி ஒரே அண்டாவில் கொதித்தது. அதை அவர்களும் குடித்தார்கள். அதே நாளில் திருவைகுண்டம் ரயில் நிலையத்தில், செந்தூர் விரைவு வண்டியில் சிக்கிக் கிடந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் சோறாக்கி ஊட்டியதைப் பின்னர் செய்தித்தாளில் படித்தோம். பசி வந்தபோது எவரும் சாதி கேட்கவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஐந்தாம் நாள் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நிவாரணப் பொருள்கள் வந்தன. ஊர்ச் சாவடியில் இறங்கின. நம் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். நம் முறை வந்தபோது பாய் தீர்ந்துவிட்டது. கஞ்சி குடித்தவர்கள் அங்கே இருந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுள் ஒருவர் மட்டும் மாலையில் தமக்குக் கிடைத்த இரு பாய்களில் ஒன்றைக் கொண்டுவந்து நம் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். இவ்விரண்டையும் சேர்த்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடற்கரை முகாம்களிலும் நம் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. ஓரிரவு வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

அதன் பின்னர்தான் நம் இரவுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் சென்ற மாணவி ஒருத்தி நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனாள். எந்தச் சுவர் விழுந்தது, எத்தனை ஆடு செத்தது, எவருடைய சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் நனைந்து அழிந்தன, பட்டா உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதினாள். அழுத உளுந்துக்காரரிடமும் ஏக்கர்க் கணக்கைக் கேட்டு எழுதினாள். புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தை அறுவடைக்கு முன்னரே நீரில் நின்று அழுகியிருந்தன. குத்தகைக்கு விதைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இந்த நோட்டில் இருந்தது. தீப்பெட்டி ஆலைப் பெண்களின் கூலி இழந்த நாட்களும் இருந்தன. குச்சி காயாவிட்டால் வேலை இல்லை அல்லவா?

குடும்ப அட்டைக்கு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் 6,000 ரூபாயும் மற்றவற்றில் 1,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அது அட்டைக்கு வந்த பணம். விழுந்த சுவருக்கு வேறு கணக்கு. "ஓடைப் புறம்போக்கு" என்று சொல்லி அலுவலர் ஒருவர் முதலில் மனுவை வாங்கவே மறுத்தார். மாணவி நோட்டைத் திறந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் மின் இணைப்பு எண்ணையும் வீட்டு வரி ரசீதையும் காட்டினாள். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு மனுவைப் பெற்றுக்கொண்டார். முப்பத்தொரு வீடுகளுக்குத் தொகை வந்தது.

அண்ணல் அம்பேத்கரை மகத் குளத்து நீருக்காக 1927இல் போராடியவராக அறிவோம். வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, 1943இல் பெருக்கெடுத்த தாமோதர் ஆற்றின் திட்டத்துக்கு 1945 ஜனவரியில் கல்கத்தாவில் மாநாடு கூட்டியவரும் அவரே. மிகுந்த நீரைத் தீமை என்று கருதி விரட்டுவது தவறு, அதைத் தேக்கிப் பயன்கொள்ள வேண்டும் என்பதே அவர் நிலை. குடிக்க நீர் மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் நாட்டின் ஆறுகளைப் பற்றித் திட்டமிட்டார். நம் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். தம் ஊர்க் கண்மாயின் மறுகால் எத்திசையில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் இப்போது நடமாட இயலாதிருக்கிறார். மடை, மறுகால், ஓடை ஆகியவற்றின் வரைபடத்தை அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டும். பட்டா கோரிய மனுக்களில் பன்னிரண்டு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கின்றன. நோட்டு நம் நூலக அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மறுகாலில் மீண்டும் முளைத்திருக்கும் கருவேலை வெட்டப் போகிறோம். ஊர்ப்பக்கத்து இளைஞர்களிடமும் சொல்லியிருக்கிறோம். நால்வர் வருவதாகச் சொன்னார்கள். அரிவாள் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.